இருபது டிகிரியில்

எழுநூற்று எண்பது யூரோ என்றார் பெண்டி அலசாரெலா.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.
கெமி ஊரில் யாரும் விலைக்கு விளக்கம் தருவதில்லை.
யோசிக்கிறேன் என்று போனை வைத்தேன்.
யோசித்தது பணத்தைப் பற்றி மட்டுமல்ல.
இருபத்து நான்காயிரம் கிலோமீட்டர்
என் முழங்கால்களுக்கு நடுவே துடித்த ஒன்றை
ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லையே என்றும்தான்.

பகலெல்லாம் எனக்கு அளக்கிற வேலை.
பல்லுக்கும் ஈறுக்கும் இடையில்
மெல்லிய கம்பியை இறக்கி
மூன்று, மூன்று, இரண்டு, ஐந்து என்று சொல்லச் சொல்ல
இர்யா குறித்துக்கொள்வாள்.
ஐந்து என்றதும்
நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் காலுறைக்குள்
பெருவிரல் ஒருமுறை மடங்கும்.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்றது கையேடு.
மார்ச் மாதக் கெமியில் அது ஒரு வேலையா?
கடல் இன்னும் கல்லாய்க் கிடந்தது.
சீட்டைக் கழற்றினேன், டேங்கை, காற்றுப் பெட்டியை.
கழற்றக் கழற்ற பைக் இளைத்தது,
பயம் கொழுத்தது.
முட்டை அட்டையில் வரிசையாகப் போல்ட்டுகள்.
ஒன்று மட்டும் துள்ளி உருண்டு
வடிகால் ஓட்டையின் விளிம்பில் போய் நின்றது.
ஃபின்னிஷ் மொழியில் வசைக்குப் பஞ்சமில்லை.
அத்தனையும் செலவழித்தேன்.

மூடியைத் தூக்கினால்
உள்ளே எண்ணெய் மினுங்க கேம்கள்.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததில்லை.

ஃபீலர் கேஜின் தகடு
நுழையவும் வேண்டும், உரசவும் வேண்டும்.
வழுக்கிக்கொண்டு போனால் அளவு பொய்.
இன்டேக் நான்கும் சரி.
எக்ஸாஸ்ட்டில் மூன்று சரி.
கடைசி வால்வு,
பூஜ்யம் புள்ளி ஒன்று நான்கு.
குறைந்தது ஒன்று ஏழாவது இருக்க வேண்டும்.
உரக்கச் சொன்னேன்.
குறித்துக்கொள்ள யாருமில்லை.
சொன்னது வெண்புகையாய் டேங்கின் மேல் படிந்தது.
பூட்ஸுக்குள் என் பெருவிரல் மடங்கியது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு
என் நாற்காலியில் பெண்டி அலசாரெலா.
வருடா வருடம் ஒரு சுருள் பல் நூல் கொடுத்தனுப்புகிறேன்.
அதை அவர் தொடுவதே இல்லை என்று
ஈறு என்னிடம் சொல்லிவிடும்.
அவர் வாய்க்குள் கண்ணாடியும் உறிஞ்சு குழாயும் இருக்கையில்
என் வால்வின் கதை முழுவதையும் சொன்னேன்.
குறுக்கே பேச வழியில்லாத மெக்கானிக்
யாருக்குக் கிடைப்பார்?
கொப்பளித்தார். துப்பினார்.
'கராஜில் எத்தனை டிகிரி?'
மைனஸ் ஒன்பது.
கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம்.
'இருபதில் அள, மைலிஸ்.'

இரவல் ஹீட்டர் இரண்டு நாள் எரிந்தது.
மின்கட்டணம் தனிக்கதை.
ஞாயிறு காலை ஸ்வெட்டரோடு குனிந்தேன்.
ஒன்று ஏழு.
சரியாக எல்லையில்.
வாசற்படியில் ஒரு கால் உள்ளே,
ஒரு கால் வெளியே.

திரும்ப அவருக்கே போன்.
'வாடிக்கையாளர் பைக் என்றால் ஷிம்மை மாற்றுவேன்.
என்னுடையது என்றால் மூடிவிடுவேன்.'
வைத்துவிட்டார்.

எனக்கும் தெரிந்த கணக்குதான் இது.
பிறர் வாயில் நான்கு மில்லிமீட்டர் கண்டால்
மூன்று மாதத்தில் வாருங்கள் என்கிறேன்.
என் கடைவாயில் ஒரு நான்கு இருக்கிறது,
போன இலையுதிர்காலத்திலிருந்து.

மூடினேன்.
போல்ட்டுகளை எண்ணினேன்.
முட்டை அட்டை காலி.

மே மாதம், தோர்னியோ சாலை.
பள்ளங்களில் மட்டும் மிச்சப் பனி.
எழுநூற்று எண்பது கொடுத்திருந்தால்
அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ஓட்டியிருப்பேன்.
அதற்குத்தான் அந்த விலையோ என்னவோ.
இப்போதோ பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை
ஹெல்மெட்டைச் சாய்த்து
இடது காதை இன்ஜின் பக்கம் கொடுக்கிறேன்.
டிக் டிக் என்கிறது.
டிக் டிக் என்பது நல்லது.
அமைதியாகிவிட்டால்தான்
பயப்பட வேண்டும்.